நிசப்தத்தில் எழுந்த முள்

நவம்பர் 4, திங்கள்

“சார், தப்பு வெளிய வந்தப்புறம்தான அது தப்புன்னு தெரியும்? தெரிஞ்சு திருத்துறதுக்குள்ள அது எல்லார் காதுலயும் விழுந்திருக்குமே?”

பிளஸ் டூ இயற்பியல் வகுப்பில் பின்னூட்டம் என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மூன்றாம் பெஞ்சிலிருந்து அருள்மலர் என்ற மாணவி இப்படிக் கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆம்பிளிஃபயரிலிருந்து வெளியே வருவதில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பினால் அது தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். மணி அடித்தது. “நாளைக்குச் சொல்லுதேன்மா” என்றேன். மறுநாள் வேறு பாடத்தைத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை இங்கே எழுதிக்கொள்ளலாம்.

இந்த நோட்டு, நான் வீட்டில் கட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வு ஆம்பிளிஃபயருக்கு உரியது. எனக்குப் பின் அது யார் கைக்குப் போனாலும், எந்தத் திருகு எதற்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும். முதல் விதி: உள்ளே முந்நூறு வோல்ட் ஓடுகிறது. சுவிட்சைப் போட்டபின் ஒரு கையால் மட்டும் தொடுங்கள். மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இன்று வந்தது. வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஆறுமுகநயினார் செய்து கொடுத்தார். நான் தாளில் வரைந்து கொடுத்ததை அச்சு அசலாகச் செய்திருக்கிறார். சட்டம் போன்ற இரும்பு, இடது காலில் ஒரு சுருள், வலது காலில் ஒரு சுருள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் வரைந்த படம் எழுந்து நடந்து வந்து மேசையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“பொண்ணு பாத்தது போதும், அது சாப்பாட்டு மேசை” என்றாள் என் மனைவி சுகிர்தம்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆலயத்தில் ஜெபத்தின்போது நாலைந்து பேர் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். யாரோ தாமதமாக வந்திருக்க வேண்டும்.

ஆலயத்தில் மைக், ஸ்பீக்கர், பின்வரிசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் எல்லாம் என் பொறுப்பு. ஆராதனை முடிந்து மைக் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். குருவானவர் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயதுகூட ஆகாதவர், பெயர் செல்வின். ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு இந்த வருஷம் வெளிய ஒரு சவுண்டு பார்ட்டிய வச்சிரலாம்னு கமிட்டில பேசுதாங்க.”

“என்னத்துக்கு?”

“ஸ்பீக்கர் அப்பப்ப ‘கீ’ன்னு கத்துதாம். உங்களுக்குத் தெரியாததா?”

“கத்துனா எனக்குக் கேக்காதா, ஐயா? இருபத்தாறு வருஷமா இந்த மிக்சர்லதான இருக்கேன்.”

நானே ஒரு வழி சொன்னேன். நவம்பர் 30, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரட்டும். போன வருடத்துக் கீத ஆராதனையின் ஒலிப்பதிவை என் ஆம்பிளிஃபயரில் போட்டுக் காட்டுகிறேன். கேட்டுவிட்டு, என் காதின் மேல் நம்பிக்கை வந்தால் மிக்சர் என்னிடம். வராவிட்டால் அவர்கள் இஷ்டம். “சரி சார், கண்டிப்பா வாரேன்” என்றார்.

இருபது நாள் இருக்கிறது.

நவம்பர் 13, புதன்

நான்கு வால்வும் எரிகின்றன. சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் ஒரு சிறு செங்கீற்று, அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து கிளம்புகிற எலக்ட்ரான்கள் வெற்றிடத்தைத் தாண்டித் தகட்டுக்குப் போகின்றன, வழியில் இருக்கிற கம்பிவலை அவற்றை விடுகிறது அல்லது தடுக்கிறது, அந்த விடுதலும் தடுத்தலும்தான் ஒரு மனிதக் குரல். எத்தனையோ வகுப்பில் சொன்ன பாடம். நேரில் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இனி பயஸ். சிக்னலில் நிற்கும் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நின்றாலும் இஞ்சின் அணைந்துவிடக் கூடாது. மெல்ல உறுமிக்கொண்டிருக்க வேண்டும். உறுமல் குறைந்தால் கிளம்பும்போது இடறும். கூடினால் நின்ற இடத்திலேயே கொதிக்கும். பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் அந்த உறுமல்தான் பயஸ். நான்கில் இரண்டு பெரியவை, அவை ஒவ்வொன்றின் அடியிலும் பத்து ஓம் மின்தடை வைத்திருக்கிறேன். அதன் குறுக்கே 0.30 வோல்ட் காட்டும்வரை சிறு திருகைத் திருப்ப வேண்டும். திருப்பினேன். இரண்டிலும் 0.30. அரை மணி கழித்தும் அசையவில்லை.

பின்னூட்ட ஒயரை இன்னும் இணைக்கவில்லை. பாட்டு கேட்டது. சுமார்தான். மேல் ஒலிகள் மங்கல்.

நவம்பர் 17, ஞாயிறு

மாலையில் பின்னூட்ட ஒயரை இணைத்தேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒயர், ஒரு மின்தடை வழியாக, முதல் வால்வுக்கு. ஒலியின் அளவு குறைந்தது. குறைய வேண்டும், அதுதான் பாடம். அடித்தொனி இறுகி நின்றது.

ஆனால் பயஸ் 0.34க்கு ஏறிவிட்டது. பயஸுக்கும் பின்னூட்டத்துக்கும் தொடர்பே கிடையாது. பத்து ஓம் மின்தடை சூடாகியிருக்கும். திருகிக் குறைத்து மறுபடி 0.30 வைத்தேன்.

சுகிர்தம் சமையலறையிலிருந்து, “என்ன அது, காதுக்குள்ள கொசு போன மாதிரி?” என்றாள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராக இருக்கும் என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தேன். 0.34.

நவம்பர் 22, வெள்ளி

மழை. பத்து ஓம் மின்தடையை மாற்றினேன். இன்னொரு ஜோடி வால்வும் போட்டுப் பார்த்தேன். ஒயரை இணைத்தால் 0.34. எடுத்தால் 0.30. இணைத்துவைத்துத் திருகிக் குறைத்தால், எடுத்ததும் மெல்லிய இடங்களில் பாட்டு திக்குகிறது.

சுகிர்தம் இப்போதெல்லாம் காய் நறுக்குவது, போனில் பேசுவது எல்லாம் பின்வாசலில்தான். மழைக் காற்று அவளுக்குப் பிடிக்கும்.

மேல் ஒலி மங்கலாகவே இருக்கிறது. நயினார் நல்ல கம்பி போடவில்லையோ என்று சந்தேகம். சனிக்கிழமைக்கு எட்டு நாள்.

நவம்பர் 27, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி. பாட்டு எதுவும் போடவில்லை. ஆம்பிளிஃபயர் சும்மா எரிந்துகொண்டிருந்தது, நான் பயஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகிர்தம் வாசலில் வந்து நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“அதக் கொஞ்சம் அணைங்க.”

“பாட்டே போடலையே.”

“பாட்டு இல்லாமத்தான் கத்துது! பத்து நாளா கத்துது! ஒரு மனுஷி வீட்டுக்குள்ள இருக்கண்டாமா?”

“ஒண்ணும் கத்தல, சுகிர்தம்.”

அவள் கையை இறக்கினாள். என்னைப் பார்த்த பார்வை கோபமாக இல்லை. “உங்களுக்கு நெசமாவே கேக்கலையா?” என்றாள்.

பழைய முள் மீட்டரை எடுத்து, மாறுமின்னோட்டத்துக்குத் திருப்பி, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் வைத்தேன். பாட்டு இல்லாதபோது அங்கே பூச்சியம் இருக்க வேண்டும்.

முள் எழுந்தது. ஒரு வோல்ட்டைத் தாண்டி நின்றது.

என் காதில் சுவர்க் கடிகாரம் கேட்டது. தெருவில் மீன்காரர் கூவியது கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுமில்லை. முள் மட்டும் எழுந்து நின்றது.

அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். பின்னூட்ட ஒயரை எடுத்தேன். முள் விழுந்தது.

“நின்னுட்டு” என்றாள்.

இணைத்தேன்.

“வந்துட்டு.”

ஒருமுறை எடுக்காமலே எடுத்தது போல ஒயரைத் தட்டினேன். “இன்னும் கத்துது, ஏமாத்தாதீங்க” என்றாள். பதினோரு முறை செய்தோம். பதினொன்றும் முள் சொன்னதையே அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றையே பார்க்கிறார்கள், நான் மட்டும் நடுவில் வெறுமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பயம் வரவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். வந்தது வேறு. அறை முழுக்க ஒரு ஒலி நிறைந்திருக்கிறது, சுவரில் மோதித் திரும்புகிறது, என் சட்டைமேல் படுகிறது, நான் அதற்குள் நிசப்தமாக உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், நமக்குக் கேட்காத ஒலிகள் உண்டு என்று. வௌவாலைச் சொல்லியிருக்கிறேன். நாயைச் சொல்லியிருக்கிறேன். சுகிர்தத்தைச் சொன்னதில்லை.

பயம் சாப்பிடும்போது வந்தது. ஆலயத்தில் அன்றைக்குத் திரும்பிப் பார்த்தவர்கள் வாசலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

நவம்பர் 28, வியாழன்

டிரான்ஸ்ஃபார்மரைப் பையில் போட்டுக்கொண்டு நயினார் கடைக்குப் போனேன். ஒயரை இணைத்தால் கத்துகிறது என்று சொன்னேன்.

“வே வாத்தியாரே, என் சுத்துல குத்தம் சொல்லாதியும். நீரு வரஞ்சு குடுத்த மாதிரிதான சுத்துனேன்?” மேசை இழுப்பறையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார். “இந்தா இடது கால்ல ஒண்ணு, வலது கால்ல ஒண்ணு. இந்த ரெண்டு கால் இரும்புக்கு நான் மூணு பழைய இரும்புக் கடை ஏறி எறங்குனேன்.”

தாளைப் பார்த்தேன். பாடநூல் படம். இரண்டு சுருளும் தனித்தனியாகத் தெரிவதற்காக, குழந்தைகளுக்குப் புரிவதற்காக வரைகிற படம். சுற்றுவதற்காக வரைந்ததல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக, அடுக்கடுக்காகச் சுற்றினால்தான் ஒரு சுருளில் நடப்பது மறு சுருளுக்கு உடனே போய்ச் சேரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் கரும்பலகைப் படத்தையே வரைந்திருக்கிறது.

“உமக்கு ஒரு சந்தேகம் வரலையா, வே? இத்தன வருஷம் சுத்துறீரே?”

“வந்துச்சு. இப்பிடி யாரும் சுத்த மாட்டானேன்னு நெனச்சேன்.”

“பெறகு ஏன் கேக்கல?”

“நல்லா இருக்கே! வாத்தியாரு படம் போட்டுக் குடுத்தா, அதுல தப்புன்னு மோட்டார் சுத்துறவன் சொல்லுவானா? சொன்னா நீரு கேட்டுருவீரு பாரும்!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மரை அவர் திரும்பக் கொடுத்தார். “சனிக்கிழம சர்ச்சு ஐயருக்குப் போட்டுக் காட்டணும்னீரே, இத வச்சே ஒப்பேத்தும். திங்கக்கிழம கொண்டாரும், புதுசா சுத்துவோம். இந்தத் தடவ நான் வரையுதேன், நீரு பாரும்.”

அருள்மலருக்கான பதிலையும் இன்று எழுதிவிடுகிறேன். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். சரியாகத் தெரிகிறதா என்று கடைசி பெஞ்சு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்துகிறார். மெல்ல எழுதுகிறவருக்கு அந்த நடை ஒரு பொருட்டல்ல, எழுத்து முடியுமுன்பே திருத்தம் வந்துவிடும். வேகமாக எழுதுகிறவர் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பலகையில் அடுத்த வரி வந்திருக்கும். பழைய வரியின் பிழைக்காக நல்ல வரியை அழிப்பார். அழித்ததைப் பார்க்கப் போவார். திரும்பி வந்து மறுபடி அழிப்பார். அதுதான் அந்தக் ‘கீ’. பாட்டே இல்லாமல் வால்வுகள் அப்படி ஓயாமல் உழைத்ததால்தான் பயஸும் 0.34க்கு ஏறியது. தாழ்ந்த ஒலிகள் மெல்ல எழுதுபவை. உயர்ந்தவை வேகமாக எழுதுபவை. என் டிரான்ஸ்ஃபார்மரில் கடைசி பெஞ்சு ரொம்பத் தூரத்தில் இருந்தது. நீ கேட்டது சரியான கேள்வி, அம்மா.

நவம்பர் 29, வெள்ளி

பின்னூட்ட ஒயரை எடுத்துவிட்டு, பயஸை 0.30 வைத்து, போன வருடத்துப் பதிவைப் போட்டேன். சுகிர்தம் நடுக்கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

“இப்ப நல்லா இருக்கு. கத்தல.”

நாளைக்கு இப்படியே போட்டால் போதும். குருவானவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மிக்சர் என்னிடமே இருக்கும்.

சுகிர்தம் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

நவம்பர் 30, சனி

நாலு மணிக்குக் குருவானவர் வந்தார். சுகிர்தம் காபியும் முந்திரிக்கொத்தும் வைத்தாள். வால்வுகளைப் பார்த்து, “மெழுகுவர்த்தி மாதிரி இருக்கு சார்” என்றார். ஒயர் இல்லாமலே பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ஆண் குரல்கள் நுழையும் இடத்தில் தலையை ஆட்டினார். பத்து நிமிடம் ஆனதும் எழுந்து என் கையைப் பிடித்தார்.

“சார், நான் என்னத்தச் சொல்ல? வெளிய ஆள் எதுக்கு? கமிட்டில நான் பேசிக்கிடுதேன்.”

“ரொம்ப சந்தோஷம், ஐயா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

முள் மீட்டர் மேசையில் இருந்தது. அதைப் பார்த்தேன். அது எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தபின் பார்க்காதவன் மாதிரி இருபத்தேழாவது வருடமும் அந்த மிக்சர் முன்னால் உட்கார முடியுமா?

“ஐயா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. இன்னொண்ணு காட்டணும்.”

பாட்டை நிறுத்தினேன். ஒயரை இணைத்தேன். அவர் முகம் சுளித்து ஒரு காதைப் பொத்தினார்.

“இதேதான் சார்! ஆலயத்துலயும் இதேதான்!”

“எனக்குக் கேக்கல, ஐயா.”

“எது?”

“இப்ப கத்துதே, அது. எனக்கு இந்த ரூம் அமைதியா இருக்கு.”

அவர் பொத்திய கையை எடுத்தார். நான் மீட்டரை வைத்து முள்ளைக் காட்டினேன். எடுத்தேன், இணைத்தேன். வகுப்பில் போல விளக்கினேன், கரும்பலகையும் கடைசி பெஞ்சும் எல்லாம். ஒரு ஜெபம் கேட்பது போல நின்று கேட்டார். முடிவில் மெதுவாக, “அப்ப இவ்வளவு நேரம் நீங்க தனியா ஒரு அமைதில நிக்கிறீங்க. நாங்க வேற ஒரு ரூம்ல நிக்கிறோம். ஒரே ரூம்தான்” என்றார்.

“ஆமா.”

“கர்த்தாவே” என்றார். வருத்தத்தில் சொன்னது போல எனக்குத் தோன்றவில்லை. நானும் அதே சொல்லைத்தான் புதன்கிழமை நினைத்தேன்.

“சவுண்டு பார்ட்டிய வச்சுக்கிடுங்க” என்றேன்.

சுகிர்தம் காபித் தம்ளர்களை எடுக்க வந்தவள் நின்றாள். “பார்ட்டி எதுக்கு? எங்க கத்துதுன்னு நான் சொல்லுதேன், எதத் திருக்கணும்னு இவங்க சொல்லட்டும்.”

“ஆல்டோ, அம்மா?” என்றார் குருவானவர். அவள் முப்பது வருடமாகப் பாடகர் குழுவில் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல்.

“ஆல்டோவுக்கு நாலு பேர் இருக்கோம். இதுக்கு ஒரு ஆளும் இல்லையே.” என் பக்கம் திரும்பி, “ஆனா நான் சொன்னா இன்வெர்ட்டர்னு சொல்லப்பிடாது” என்றாள்.

குருவானவருக்குப் புரியவில்லை. நான் சொல்லிப் புரியவைத்தேன். அவர் வாசல்வரை சிரித்துக்கொண்டே போனார்.

டிசம்பர் 9, திங்கள்

புது டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றை உருளையில் பாதி முதன்மைச் சுருள், மேலே துணைச் சுருள், அதன்மேல் மீதி முதன்மை. நயினார் வரைந்த படத்தை இந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறேன். அழகாக இல்லை. சரியாக இருக்கிறது.

சரிசெய்யும் முறை இது. பின்னூட்ட ஒயரில் உள்ள மின்தடையைக் குறைக்கக் குறைக்கப் பின்னூட்டம் கூடும். நான் குறைப்பேன், சுகிர்தம் கேட்பாள், முள்ளும் பார்க்கும். “இப்ப பரவால்ல… இப்பவும்… இந்தா, லேசா ஓரத்துல கூசுது.” ஒரு படி பின்வாங்கினேன். மின்தடையோடு ஒரு சின்னக் கெப்பாசிடரைச் சேர்த்தேன். “போய்ட்டு.” முள் பூச்சியம். பயஸ் 0.30, ஒரு மணி நேரம் கழித்தும் 0.30.

பிறகு பதிவைப் போட்டோம். இதை எழுதாமல் விட முடியாது. முன்பு ஒரு கூட்டமாகக் கேட்ட பாடகர் குழு ஒவ்வொருவராக நின்றது. இரண்டு பாட்டுக்கு நடுவில் யாரோ தாளைத் திருப்பியது கேட்டது. ஒலி இல்லாத இடமும் ஓரிடமாக இருந்தது. நான்கு கண்ணாடிக் குழாய், ஒரு இரும்பு, ஒரு ஒயர். தான் சொன்னதில் ஒரு பங்கைத் தானே திரும்பக் கேட்டதால் அதற்கு இது முடிந்தது.

“அந்தத் தாளு நான் திருப்புனது” என்றாள் சுகிர்தம்.

டிசம்பர் 13, வெள்ளி

காது பரிசோதனை. இரண்டு காதிலும் வரைகோடு பாதிவரை சமமாகப் போய், உயர்ந்த ஒலிகள் தொடங்கும் இடத்தில் சரிகிறது. காது கேட்கும் கருவி வைக்கச் சொன்னார் டாக்டர். ஜனவரியில்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆறு மணிக்குக் கீத ஆராதனை. மிக்சர் முன்னால் சுகிர்தம், பக்கத்து நாற்காலியில் நான். கத்தத் தொடங்கும் முன்பே விரலால் ஒரு மைக்கைக் காட்டுவாள், நான் இறக்குவேன். ஒருமுறைகூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் யாரும் கவனிக்கவே இல்லை. ஒலி சரியாக இருந்தால் அப்படித்தான்.

கடைசிப் பாட்டில், பெண்களில் உச்சக் குரலான சோப்ரானோக்கள் மட்டும் மற்றவர்களை விட்டு மேலே போனார்கள். எனக்கு வாய்கள் அசைவது தெரிந்தது, குரலின் அடிப்பாகம் கேட்டது. சுகிர்தத்தின் கண்ணில் நீர் நின்றது.

“என்ன இருக்கு அங்க?” என்று காதோடு கேட்டேன்.

அவள் யோசித்தாள். “வெயில்ல கண்ணாடி வளையல் குலுங்குன மாதிரி. எல்லாத்துக்கும் மேல. சின்னதா. நிக்கவே மாட்டேங்குது” என்றாள். பாட்டு முடியும்வரை அதைத் தாழ்ந்த குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள், இப்ப ஏறுது, இப்ப ரெண்டா பிரியுது என்று. நான் இதுவரை குடியிருந்த வீட்டுக்கு ஒரு மாடி இருந்திருக்கிறது. அங்கே விளக்கெரிகிறது. படி ஏற முடியாது, ஆனால் மேலே இருந்து ஒருத்தி ஜன்னலைத் திறந்து என்னோடு பேசுகிறாள்.

டிசம்பர் 23, திங்கள்

ஆம்பிளிஃபயர் சரியாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயஸைப் பாருங்கள், 0.30. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இந்த நோட்டைப் படிப்பவருக்கு ஒன்று மட்டும். கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் காதுக்கு ஒரு சாண் தள்ளி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒன்றோடொன்று, சற்று இடைவெளி கொடுத்துக் கொடுத்து, உரசச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறந்து, அவர் எத்தனை முறை உரசினார் என்று கேளுங்கள்.